மூடுபனிக்கு அடியில் ஒரு தெரு

கிரண்குமாருக்குப் படம் வரைந்துதான் சோறு. படம் என்றதும் ஓவியர் என்று நினைத்து யாரும் மரியாதை கொடுத்துவிட வேண்டாம். திருப்பதியில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் வீட்டுப் பிளான் போடுகிற வேலை. அதிலும் பாதி நாள், ஈசானிய மூலையில் வந்து உட்கார்ந்துவிட்ட கக்கூசை வாஸ்துப்படி வேறு மூலைக்குத் தள்ளுவதிலேயே போய்விடும். அதைத் தள்ளினால் சமையலறை நகர்ந்து மாடிப்படி மேல் ஏறிக்கொள்ளும். இதுவரை தான் இடம் மாற்றிய கக்கூசுகளை வரிசையாக வைத்தால் ரேணிகுண்டா வரைக்கும் போகும் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அடுத்தவர் சிரிப்பதற்குள் தன்னைப் பார்த்துத் தானே சிரித்து முடித்துவிடுவது அவன் வழக்கம். முந்திக்கொண்டால் அவ்வளவாக வலிக்காது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் ஒரு வீரன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் கணக்கு டியூஷன் நடத்தும் தமிழ்வேந்தனின் மாடி அறையில் நான்கு பேர் கூடுவார்கள். தமிழ்வேந்தன் ஒரு கதையை ஆரம்பிப்பான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். காட்டுக்குள் போகிறேன், கதவை உடைக்கிறேன் என்று யார் எதைச் சொன்னாலும் அது நடக்குமா நடக்காதா என்பதைப் பல முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பிரியங்கா அங்கே திருடி. பேங்கில் வேலை பார்க்கும் பிரீத்தி சூனியக்காரி. கிரண், வாளை உருவுவதற்கு முன் ஒரு மணி நேரம் வாயாடுகிற வீரன்.

அந்த அறைக்கு ஒரே ஒரு மாடிப்படி. எல்லோரும் அதில்தான் ஏறினார்கள், எல்லோரும் ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தார்கள், யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. சித்தூர் என்று கிரண் சொன்னான், போதுமானதாக இருந்தது. உண்மையில் அவன் ஊர் சித்தூரைத் தாண்டி, பாலசமுத்திரம் பக்கம். அதிலும் ஊர் அல்ல, ஊருக்குத் தெற்கே இருக்கும் காலனி.

பிரீத்தியிடமும் சித்தூர் என்றுதான் சொல்லியிருந்தான். அங்கேதான் சிக்கல். போன மழைக்காலத்திலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் பகடை வேண்டியிருக்கவில்லை. பிரீத்திக்கு நகரி, வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. தன் நைனாவிடம் பேச்சை எடுப்பதற்கு முன்னால் அவன் வீட்டையும் அம்மாவையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தாள். அவன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றான். அடுத்த மாதம் வெள்ளையடிக்கிறார்கள் என்றான். அதற்கடுத்த மாதம் மறுபடியும் காய்ச்சல். அவன் வரவழைத்த காய்ச்சலுக்கெல்லாம் அவன் அம்மா சென்னம்மா படுத்திருந்தால் ஒரு ஆஸ்பத்திரியே அவளை நம்பிப் பிழைத்திருக்கும்.

இந்த நேரத்தில்தான் வரைபடம் வந்தது. சித்தூரில் தமிழ்வேந்தனின் கூட்டாளி ஒருவன் காபிக் கடை திறக்கிறான். திறப்பு நாளன்று எல்லோரும் பார்க்க இந்த ஆட்டத்தை ஆட வேண்டும், ஆடி முடித்ததும் கதை நடக்கும் ஊரின் வரைபடத்தைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்டிருந்தான். கிரண்தான் வரைய வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஒரு கக்கூஸ்கூட இல்லாத படமா வாழ்க்கையில ஒருவாட்டி வரைடா, என்றான் தமிழ்வேந்தன்.

மறைந்திருப்பது கண் முன்னால் தோன்றுகிற மந்திரம் ஒன்றும் படத்தில் வேண்டியிருந்தது, அதற்கு வழி சொன்னது பிரீத்தி. நகரியில் தையல்காரர்கள் துணியில் அடையாளம் போட ஒரு பேனா வைத்திருக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால் அந்தக் கோடு காணாமல் போய்விடும். தறியில் இறங்கிய வெள்ளைக் காடாத் துணி ஒரு துண்டும், அந்தப் பேனா ஒரு கட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். மறைந்திருக்க வேண்டியதை அழியாத மையில் வரைந்து, அதற்கு மேல் அழியும் பேனாவால் மூடுபனியைத் தீட்டிவிட வேண்டும். ஆட்டக்காரர்கள் ஜெயித்தால் ஹேர் டிரையரை அதன் மேல் ஓட்டலாம். எல்லோர் கண் முன்னாலும் பனி விலகும். அடியில் இருப்பது எழுந்து வரும்.

கிரண் உட்கார்ந்தான். படம் அவனைக் கேட்காமலே வந்தது. முதலில் ஒரு ஏரி. அதற்குக் கண்ணாடி ஏரி என்று பெயர் வைத்தான். மதகைப் பூதத்தின் வாய் ஆக்கினான். கரையோரப் பனைகள் ஒற்றைக்கால் காவலர்கள் ஆயின. மாந்தோப்பு பேசும் தோப்பாயிற்று. தெற்கே ஒரு சின்னக் குடியிருப்பு, பெயர் தென்குடி. வீரர்கள் அங்கிருந்துதான் கிளம்புவார்கள். வடக்கே, கிழக்கும் மேற்குமாக ஓடும் ராஜபாட்டை. அவர்கள் போய்ச் சேர வேண்டிய இடம். தென்குடியிலிருந்து ஒரு வழி ஏரிக்கரை ஏறி, வேலிக்காத்தான் புதர்களைச் சுற்றி, தோப்புக்குப் பின்பக்கமாக வளைந்து ராஜபாட்டையைத் தொட்டது. எந்த வளைவில் கல் இடறும், மாலையில் புளியமரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்பது உட்பட எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. நடுவில் ஒரு கோட்டைச் சுவரை மட்டும் போட்டு, அதற்குள் மூடுபனியைத் தீட்டினான். அழகான பனி. சுருள் சுருளாக, அடுக்கடுக்காக. வேறு எதையும் அவன் அத்தனை கவனமாக வரைந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. படத்தை விரித்ததும் தமிழ்வேந்தன் அதன் மேல் குனிந்து அப்படியே நின்றுவிட்டான். கணக்கு வாத்தியார்கள் அப்படி நின்றுவிடுவது அபூர்வம். ஆட்டம் தொடங்கியது. தென்குடியிலிருந்து கிளம்பி எல்லோரும் ஏரிக்கரை வழியாகப் போனார்கள். பாதி வழியில் பிரியங்கா நிறுத்தினாள்.

"ஏன் இப்படி ஊரையே சுத்திக்கினு போறோம்? நேரா கோட்டைக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போனா ராஜபாட்டை வந்துடுதே. உள்ள இன்னா ராட்சசனா குந்திக்கினு இருக்கான்?"

"ராட்சசன்லாம் இல்ல," என்றான் கிரண்.

"அப்பொ இன்னா இருக்குது?"

"பனி."

பனிக்காக யார் பயப்படுவது? பிரியங்கா பகடையை உருட்டினாள், நல்ல எண். பிரீத்தியின் சூனியக்காரி மந்திரம் சொன்னாள். அதற்கும் நல்ல எண். கதவு திறந்துவிட்டதாகத் தமிழ்வேந்தன் அறிவித்து, பிரியங்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த ஹேர் டிரையரை எடுத்துப் பனியின் மேல் ஓட்டினான். பனி விலகியது. சுருள் சுருளாக, வெகு அழகாக விலகியது.

அடியில் ஒன்றும் இல்லை. வெள்ளைத் துணி.

தமிழ்வேந்தன் இன்னும் கொஞ்சம் சூடு காட்டினான். துணிதான் சுட்டது. மூவரும் கிரணைப் பார்த்தார்கள். அவனும் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ திருடிக்கொண்டு போனதைப் போல. பனிக்கு அடியில் எதையாவது வரைய வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. மறந்துபோகவில்லை, தோன்றவில்லை. பிறகு சுதாரித்துக்கொண்டு, மந்திரம்னா இதுதான், உள்ளே இருந்த ஊரையே மாயமாக்கிட்டேன் பாரு என்றான். பிரியங்கா சிரித்தாள். சோம்பேறி என்று திட்டிவிட்டு, திறப்பு நாளுக்குள் உள்ளே எதையாவது வரைந்து தொலை, காபிக் கடையில் என் மானம் போகும் என்றான் தமிழ்வேந்தன்.

பிரீத்தி சிரிக்கவில்லை. கீழே டீக்கடையில் நிற்கும்போதும் அவள் முகம் அப்படியே இருந்தது. ஒரு மொட்டைத் தலைக் குடும்பம் சந்தனம் வழிய அவர்களைத் தாண்டிப் போகும் வரைக்கும் காத்திருந்துவிட்டுப் பேசினாள். ஒவ்வொரு பனைமரமும் எங்கே நிற்கிறது என்று தெரிந்தவனுக்கு நடு ஊரில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டாள். பிறகு, "அது கதையில வர்ற ஊரு இல்ல. எந்த ஊரு அது, கிரண்?"

அவன் வாயில் மூன்று நான்கு ஜோக்குகள் வரிசையில் நின்றன. எதுவும் வெளியே வரவில்லை.

"எங்க ஊரு," என்றான். "எங்களுதுன்னா, நாங்க தெக்கால. காலனி. அந்தத் தெரு வழியா நாங்க போறதில்ல. இப்ப யாரும் போகாதேன்னு சொல்றதுகூட இல்ல. எங்க நைனா கரை மேல போனாரு, நானும் ஸ்கூலுக்கு அப்படியே போனேன். உள்ள இன்னா இருக்குதுன்னு நெசமா எனக்குத் தெரியாது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. எதுவும் சொல்லாமல் இருந்தால் தேவலை என்றும் இருந்தது.

"காலனின்னு நீ மொதல்லயே சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியல," என்றாள் கடைசியில். "பொய் சொல்ல மாட்டேன், தெரியல. ஆனா நீ கேட்டே பாக்கலியே. ஒரு வருசமா என்னையும் சுத்திக்கினுதான் போயிருக்க."

டம்ளரை வைத்துவிட்டுத் தான் தங்கியிருந்த ஹாஸ்டல் பக்கம் நடந்துவிட்டாள்.

அந்த வாரம் போன் வரவில்லை. அவனும் போடவில்லை. ஆபீசில் ஒரு வீட்டுக்காரரின் படுக்கையறையை வாசலுக்கு வெளியே வரைந்து திட்டு வாங்கினான். மாலையில் துணியை விரித்து வைத்துக்கொண்டு வெள்ளையை நிரப்பப் பார்த்தான். ஒரு டிராகனைப் பென்சிலில் போட்டான்; எருமைக்குச் சிறகு முளைத்ததுபோல் இருந்தது. புதையல் கிணறு, பேசும் சிலை, ஏழு தலை நாகம். எல்லாவற்றையும் அழித்தான். பூதத்தின் வாய்க்குப் பின்னால் உண்மையான மதகு இருந்தது. ஒற்றைக்கால் காவலர்களுக்குள் உண்மையான பனைகள் நின்றன. நாகத்துக்கு உள்ளே எதுவும் இல்லை. அதைவிட, டீக்கடையிலிருந்து பிரீத்தி நடந்து போன தெருவை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு அதே வெள்ளைதான் தெரிந்தது. அவள் நகரிக்குப் போயிருப்பாள். நைனாவிடம் எதுவும் சொல்லாமலே எல்லாவற்றையும் முடித்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நாளைக்கு இரண்டாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. உங்க ஊருக்கு எத்தன மணிக்குப் பஸ்?

சித்தூரில் இறங்கி ஊர்ப்பக்கம் போகும் பல்லெ வெலுகு என்கிற கிராமத்து பஸ்ஸில் ஏறினார்கள். அதில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அவள் ஆதார் அட்டையை நீட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் டிக்கெட் வாங்கினான். கங்காதர நெல்லூர் தாண்டும் வரை இரண்டு பேரும் மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பிறகு அவள் தானாகவே சொன்னாள். ஹாஸ்டலில் ஒரு பேப்பரை எடுத்து நகரியில் தன் வீட்டைச் சுற்றி வரைந்து பார்த்தாளாம். தறிக் கொட்டகை, கோவில், ஸ்கூல், சாயப் பட்டறை எல்லாம் வந்தது. ஒரு பக்கம் மட்டும் வரவில்லை. அங்கிருந்து தினமும் தறிக்கு ஆள் வருவார்கள், சின்ன வயசிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள்கள். அவர்கள் வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கிட்டயும் ஒரு பனி இருக்குது, என்றாள். ஆனா நான் கஷ்டப்பட்டுத் தீட்டவேயில்ல, அதுவா இருந்திச்சி.

பஸ் அவர்களைப் புளியமரத்தடியில் இறக்கியது. ஒரு பக்கம் ஏரிக்கரை. எதிரே சிமெண்ட் ரோடு போட்ட தெரு. கிரணின் கால்கள் அவனைக் கேட்காமல் கரைப் பக்கம் திரும்பி நாலு எட்டு வைத்துவிட்டன. திரும்பிப் பார்த்தான். பிரீத்தி நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். கூப்பிடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. நின்றாள், அவ்வளவுதான்.

அவன் திரும்பி வந்து தெருவுக்குள் காலை வைத்தான்.

பனிக்கு அடியில் ஒரு மாவு மில் இருந்தது. தண்ணீர் டேங்க் இருந்தது. காது குத்துக்கு வைத்த பேனர் ஒன்று காற்றில் கிழிந்து தொங்கியது. சிங்கம் வைத்த கேட் ஒன்று. ஒரு சிங்கத்துக்குத்தான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசலில் வாஷிங் மெஷின் தடதடத்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நாய் படுத்தபடியே அவனைப் பார்த்து, குரைக்கிற அளவுக்கு ஆள் இல்லை என்று முடிவு செய்து கண்ணை மூடிக்கொண்டது. இதற்கா என்று இருந்தது கிரணுக்கு. ஒரு சினிமாப் பாட்டு முடிவதற்குள் தெருவே முடிந்துவிடும்போல் இருந்தது. மழையிலும் வெயிலிலும் அவன் சுற்றி வந்த கரையை எல்லாம் சேர்த்து யாரிடம் திருப்பிக் கேட்பது?

மாவு மில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் செல்போன். அவர்களைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு, நல்ல சிரிப்புதான்.

"யாரு வூட்டுப் புள்ளப்பா?"

"துலுக்காணம் புள்ளைங்க."

"அட, துலுக்காணம் புள்ளையா. திருப்பதியில கீறன்னு சொன்னாங்க." பெரியவர் தலையை ஆட்டினார். குரலில் கோபமே இல்லை. செத்துப்போன மனிதனைப் பற்றிப் பேசும்போது வருகிற கனிவு இருந்தது. "தங்கமான மனுசன்பா உங்க நைனா. உசுரு போற வரிக்கும் ஒரு நாளு இந்தத் தெருவுல கால் வெச்சதில்ல."

தமிழ்வேந்தனின் கதைகளில் வருகிற எந்த ராட்சசனும் இப்படி அடித்ததில்லை. கத்தியால் குத்தினால் கேடயத்தைத் தூக்கலாம். பாராட்டுக்கு எதைத் தூக்குவது? கிரண் சிரித்தான். ஆமாங்க என்றான். அவன் வாயே அதைச் சொன்னது. கரைப் பக்கம் திரும்பிய கால்களைப்போல, அதுவும் அவனைக் கேட்கவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த பிரீத்தி நடையை நிறுத்தவில்லை. அதனால் அவனும் நடந்தான். மில்லில் மாவு அரைபடும் சத்தம் முதுகுக்குப் பின்னால் வெகுதூரம் வந்தது.

அவர்கள் வீட்டு வாசலுக்குப் போவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சென்னம்மா பிரீத்தியை, வாம்மா வா என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தாள். காய்ச்சல் எப்படி இருக்குது அத்தை என்று பிரீத்தி கேட்டதும், எந்தக் காய்ச்சல் என்று மகனைப் பார்த்தாள். கருவாட்டுக் குழம்பு இருந்தது. பிரீத்தி தண்ணீர் கேட்டுக் குடித்தாள். மறுபடியும் குழம்பு கேட்டாள். அவள் சாப்பிடுவதைச் சென்னம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மகனைப் பின்பக்கம், மாடு கட்டியிருந்த இடத்துக்கு வரச் சொன்னாள்.

"ஏன் நைனா அப்படி வந்த?"

"சும்மாதாம்மா. கிட்டக்க இருக்குது."

"கிட்டக்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நீ படம் வரைஞ்சிட்டு பஸ் ஏறிடுவ. நாளைக்கு விடிஞ்சா பால் ஊத்தப் போறது நானு. பால் எடுக்கிறது அந்த மில்லு வாசல்ல குந்தியிருக்கிறவரு புள்ளதான்." மாட்டின் கழுத்தைத் தடவினாள். "அந்தப் பொண்ணு முன்னால உன்ன எதுனா சொல்லிட்டாங்களா?"

"ஒண்ணும் சொல்லலம்மா. நைனாவ நல்லவருன்னு சொன்னாரு."

சென்னம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பும்போது அவர்களைக் கரை வழியாகவே பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிரண் பின்னால் நடந்தான். பிரீத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எந்தக் கல் இடறும் என்பது படத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸில், எங்க வூட்ல சண்டை வரும், பெரிய சண்டையாத்தான் வரும் என்றாள். அவன் தோளில் சாயவில்லை. கையை மட்டும் அவன் பக்கம் வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலமே அவன் வெள்ளையை நிரப்பினான். அதற்கு மேல் பனியை மறுபடி தீட்டினான். இந்தத் தடவை அவசரமாக, ஏனோதானோவென்று தீட்டினான். எப்படியும் விலகப்போகிற பனிதானே.

ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் காபிக் கடை நிறைந்திருந்தது. ஆட்டத்தைப் பார்க்கக் கல்லூரிப் பிள்ளைகள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். கோட்டைக் கதவு திறந்தது. தமிழ்வேந்தன் ஹேர் டிரையரை ஓட்டினான். மாவு மில், டேங்க், பாதி பெயிண்ட் அடித்த சிங்கங்கள், நாய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு பெரியவர் என்று ஒவ்வொன்றாகத் துணியில் எழுந்து வந்தன. சிலர் சிரித்தார்கள். மந்திரக் கோட்டைக்குள் மாவு மில் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

"இந்தக் கிழவனுக்கு எத்தன பலம்?" என்று கேட்டான் தமிழ்வேந்தன், பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு.

"பலம்லாம் கிடையாதுண்ணா. நல்ல மனுசன். யாரு வூட்டுப் புள்ளன்னு கேப்பாரு. வேஷத்துல வர்ற பேர இல்ல, நெசமா நாம யாருன்னு சொல்லிட்டுப் போகணும். அவ்ளோதான்."

பிரியங்காவின் திருடி எந்தப் பூட்டையும் திறப்பவள். அவள் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டு, என் முறையை அப்புறம் எடுத்துக்கிறேன் என்றாள். தமிழ்வேந்தன் பகடையை உருட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. சிரித்தவர்களில் ஒரு பையன் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தன் போனைப் பார்க்க ஆரம்பித்தான். பிரீத்தி கிரணைப் பார்த்தாள். வாயாடி வீரனின் முறை. எல்லோரும் ஒரு ஜோக்குக்காகக் காத்திருந்தார்கள்.

"துலுக்காணம் புள்ள," என்றான் கிரண். "காலனி. நான் இப்படித்தான் போறேன்."

 தமிழ்வேந்தன் துணியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, போன வாரம் உன்ன சோம்பேறின்னு சொல்லிட்டேன்டா என்று மட்டும் சொல்லிவிட்டு, வீரனின் காயைத் தன் கையால் எடுத்துத் தெருவின் அடுத்த முனையில் வைத்தான். இனிமேல் தன்னோடு ஒரே மேஜையில் யார் யார் உட்காருவார்கள் என்று கிரணுக்குத் தெரியவில்லை. முந்திக்கொண்டு ஒரு ஜோக்கைப் போட்டு அதை மூடிவிடவும் அவனால் முடியவில்லை.

ஆட்டம் முடிந்து வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டான். காலையில் பால் எடுக்கும்போது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டான்.

"ஒண்ணும் சொல்லல," என்றாள் சென்னம்மா. "பாலுக்கு எப்பவும் எழுதுற அளவுதான் எழுதினான். டெய்லி நல்லாகீறியான்னு கேப்பான். இன்னிக்கு அதக் கேக்கல."

 பிறகு அவளே கேட்டாள்.

"அடுத்தவாட்டி அந்தப் பொண்ணக் கூட்டிக்கினு எப்படி வருவ, நைனா?"

"தெரு வழியாத்தாம்மா."

சென்னம்மா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை.